ஊசிக்கு விருது, உழைப்புக்கு வரி: பூசுரா பெண்களின் சுஜனிக் கதை

புது தில்லி:

குடியரசு தினத்துக்கு முந்தைய நாளான 2025 ஜனவரி 25 அன்று வெளியான பத்ம விருதுப் பட்டியலில், பிகார் மாநிலம் முசாபர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த நிர்மலா தேவியின் பெயர் இடம்பெற்றது. பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நுண்ணிய தையலால் இணைத்துப் போர்வையாக்கும் 'சுஜனி' கலைக்கு மறுவாழ்வு அளித்ததற்காக அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 1 அன்று, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மதுபனி ஓவியம் தீட்டிய புடவையுடன் மக்களவைக்கு வந்து தமது எட்டாவது பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற துலாரி தேவி அவருக்குப் பரிசளித்த புடவை அது. மிதிலை வட்டாரத்துப் பெண்களின் கைவண்ணம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 22-இல் புதிய சரக்கு, சேவை வரி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. அந்த நீண்ட பட்டியலில் அதிகம் பேசப்படாத வரி ஒன்று இருந்தது. ஒன்றின் விலை 2,500 ரூபாய்க்குள் இருக்கும் பருத்தி ரஜாய்க்கு 5 சதவீதம். அதைத் தாண்டினால் 12 சதவீதத்துக்குப் பதிலாக 18 சதவீதம். ஆலையில் இயந்திரம் சில நிமிடங்களில் தைத்துத் தள்ளும் ரஜாய் முதல் வகுப்பில் எளிதாக அடங்கிவிடும். ஒரு பெண் வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து கையால் தைக்கும் போர்வை, அவளுக்கு நியாயமான கூலி கொடுத்தால் இரண்டாம் வகுப்புக்குத்தான் போகும்.

ஒரே ஆண்டில் நடந்த இந்த மூன்று நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அரசுக்கு இந்தப் பெண்களின் கலையைப் பாராட்டத் தெரிகிறது. அவர்களது உழைப்பின் நேரத்தைக் கணக்கெடுக்கத் தெரியவில்லை.

கந்தலில் பிறந்த கலை

ஆங்கிலத்தில் 'குயில்ட்' என்று அழைக்கப்படும் அடுக்குத் துணிப் போர்வை இந்தியாவின் பல பகுதிகளில் வெவ்வேறு பெயர்களில் வழங்குகிறது. வங்காளத்தில் காந்தா, மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி, சிந்து, ராஜஸ்தான் எல்லைப் பகுதியில் ரல்லி. வங்கத்துக் காந்தாவும் நமது 'கந்தை'யும் ஒரே சொல்லின் கிளைகள் என்பது தமிழ் வாசகர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

வடக்கு பிகாரில் இதற்குச் சுஜனி என்று பெயர். குழந்தை பிறந்ததும் அதைக் கிடத்துவதற்காகத் தைக்கப்படும் விரிப்பே இதன் தொடக்கம். தாயும் பாட்டியும் உடுத்திக் களைந்த புடவைகளும் வேட்டிகளும் துவைக்கப்பட்டு, அடுக்கப்பட்டு, சிறுசிறு ஓட்டுத் தையலால் ஒன்றாக்கப்படும். உடுத்தி உடுத்தி மென்மையான துணி பிஞ்சு உடலை உறுத்தாது என்பது நடைமுறைக் காரணம். கந்தல்களின் தெய்வமான சித்திரியா மாயின் காப்பு குழந்தைக்குக் கிட்டும் என்பது நம்பிக்கை. பழம்புடவையில் தூளி கட்டித் தாலாட்டும் தமிழ்நாட்டுத் தாய்மாருக்கு இந்த எண்ணம் அந்நியமானதல்ல.

சுஜனியின் தையல் முறை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். உருவங்களின் வெளிக்கோடுகள் கறுப்பு, பழுப்பு அல்லது சிவப்பு நூலால் சங்கிலித் தையலில் அமையும். உருவத்தின் உட்புறம் வண்ண நூலால் நிரப்பப்படும். எஞ்சிய வெற்றிடம் முழுவதும் துணியின் நிறத்திலேயே உள்ள நூலால், வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போடப்படும். பார்வையாளரின் கண்ணில் முதலில் படுவது உருவங்கள். ஆனால், கண்ணில் படாத அந்தப் பின்புலத் தையல் துணி முழுவதையும் மூடியாக வேண்டும் என்பதால், பொழுதைத் தின்பது அதுதான். கவனிக்கப்படாத உழைப்பு என்ற சொற்றொடருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1988: குழுவாக அமர்ந்த ஆண்டு

ஆலைப் போர்வைகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் சுஜனி வீடுகளிலிருந்து மெல்ல மறையலாயிற்று. அதற்கு மறுவாழ்வு கிடைத்த ஆண்டு 1988. பாட்னாவில் 'அதிதி' என்ற பெண்கள் அமைப்பை அந்த ஆண்டில் நிறுவியவரின் பெயரும் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமாகவே ஒலிக்கும்: விஜி சீனிவாசன். 2005-இல் மறையும் வரை பிகாரின் ஏழைப் பெண்களுக்காகவே உழைத்த அவர், பெண் சிசுக்கொலை பற்றி மருத்துவச்சிகளின் வாக்குமூலங்களுடன் 1995-இல் வெளியான அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவர்.

அதிதியின் துணையுடன் பூசுராவில் நிர்மலா தேவி முன்னின்று உருவாக்கியது 'மகிளா விகாஸ் சஹயோக் சமிதி' என்ற பெண்கள் குழு. பாகமதி ஆற்றின் வெள்ளம் அடிக்கடி வந்துபோகும் பகுதி அது. ஆண்கள் வேலை தேடி வெளி மாநிலங்களுக்குச் செல்வது வழக்கம். வீட்டில் வறுமை இருந்தாலும், பெண்கள் வெளியே சென்று கூலி வேலை செய்வது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம். முக்காட்டை விலக்காமல், வாசலைத் தாண்டாமல் செய்யக்கூடிய ஒரே தொழில் ஊசி வேலையாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. வீட்டை விட்டு வெளியேறாமல் செய்யலாம் என்பதற்காகக் குடும்பங்கள் அனுமதித்த வேலைதான், பெண்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது. துணி வாங்க, நூல் எண்ண, தைத்ததை ஒப்படைக்க, கூலி வாங்க, கணக்கில் கையெழுத்திட ஓரிடத்தில் கூட வேண்டியிருந்தது. கூடியவர்கள் பேசினார்கள். பேசியது துணியில் ஏறியது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான முயற்சி நடந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பின்னர் மாநிலமெங்கும் பரவின. அங்கே சேமிப்பும் கடனும் பெண்களை ஒன்றுகூட்டின. பூசுராவில் ஊசியும் நூலும் அதைச் செய்தன.

பட்டறையில் நடந்தது என்ன?

பட்டறை என்றதும் வெளியிலிருந்து நிபுணர் ஒருவர் வந்து தையல் கற்றுக்கொடுப்பது நினைவுக்கு வரலாம். பூசுராவில் தையலைக் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது தாயிடமிருந்து மகளுக்கு வந்திருந்தது. எதைத் தைப்பது என்பதே கேள்வி. மயிலும் மீனும் தாமரையும் அனைவருக்கும் தெரியும். அவரவர் வாழ்க்கையைப் படமாக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது வேலையின் தன்மையே மாறியது.

பெண்கள் தங்களுக்குள் பேசி ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுப்பார்கள். வரையத் தெரிந்தவர் துணியில் கோடுகளை இடுவார். மற்றவர்கள் நிறத்தை முடிவுசெய்து தைப்பார்கள். ஒரு துணியிலேயே பல காட்சிகள்: ஒரு மூலையில் பெண் பார்க்கும் படலம், அடுத்ததில் வரதட்சிணைப் பேரம், அதற்கடுத்து அடியும் அழுகையும், இன்னொரு மூலையில் பள்ளிக்குச் செல்லும் சிறுமி. இடமிருந்து வலமாக வாசிக்கும் பழக்கம் இல்லாதவர்களின் கதை அது என்பதால், காட்சிகள் நான்கு திசையிலும் நிற்கும். போர்வையைச் சுற்றி நடந்துதான் கதையைப் படிக்க வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த ஸ்கை மாரிசன், டோரத்தி கால்ட்வெல் ஆகிய இரு துணிக்கலை வல்லுநர்கள் இப்பெண்களுடன் தொடர்பு கொண்டு, சுஜனிக்கும் பிகாரின் மற்றொரு கலையான கத்வா ஒட்டுத்துணி வேலைக்கும் டொரண்டோ நகரின் துணிக்கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி அமைய வழிசெய்தனர். கிராமத்தில் குழந்தையின் ஈரத்துக்கு விரிக்கப்பட்ட துணி, கடல் கடந்து சுவரில் ஏறியது.

சட்டத்துக்கு முன்பே தைக்கப்பட்டவை

அரசியலில் ஆர்வமுள்ள வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. சுஜனித் துணிகளில் வரதட்சிணைக் கொடுமையும், பெண் குழந்தைக்கு இழைக்கப்படும் அநீதியும், எய்ட்ஸ் விழிப்புணர்வும், குடித்துவிட்டு வரும் கணவனும் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றத்திலோ சட்டப்பேரவையிலோ ஒரு சட்டம் உண்டு. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் நிறைவேறியது. சட்டங்கள் இருந்தும் அந்தக் காட்சிகள் துணியில் வந்துகொண்டிருந்தன என்பதே அந்தச் சட்டங்கள் பற்றிய மிக நேர்மையான ஆய்வறிக்கை.

குடிப்பழக்கத்தைப் பொறுத்தவரை வரிசை தலைகீழாக இருந்தது. பாட்னாவில் 2015 ஜூலையில் நடந்த கூட்டமொன்றில் பெண்கள் எழுந்து மதுக்கடைகளை மூடுமாறு கேட்டதும், முதல்வர் நிதீஷ் குமார் அதற்கு இசைந்து வாக்குறுதி அளித்ததும், 2016 ஏப்ரலில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் அனைவரும் அறிந்தவை. மதுவிலக்கு அங்கு எந்த அளவுக்கு வெற்றி பெற்றது என்பது தனி விவாதம். ஆனால், அந்தக் கோரிக்கை திடீரென முளைத்ததல்ல. முசாபர்பூர் கிராமங்களில் ஊசி பிடித்த கைகள் அதை வெகுகாலம் முன்பே பதிவு செய்திருந்தன.

ஊராட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்கி நாட்டுக்கே வழிகாட்டியதும் பிகார்தான். ஆண்டு 2006. அதன் பிறகு பெண்கள் வாக்குச்சாவடிக்கு வரும் விகிதம் ஏறிக்கொண்டே போயிற்று. 2010 முதல் சட்டப்பேரவைத் தேர்தல்களில் பெண்களின் வாக்குப்பதிவு ஆண்களின் விகிதத்தை முந்திவிட்டது. 2025 நவம்பர் தேர்தலில் பெண்களின் வாக்குப்பதிவு 71 சதவீதத்தைக் கடந்தது. ஆண்களுடையது 63 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்பு, செப்டம்பர் 26-இல், தொழில் தொடங்க முதல் தவணையாக 75 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் தலா 10,000 ரூபாய் செலுத்தப்பட்டது.

பெண் வாக்காளரை எல்லாக் கட்சிகளும் கண்டுகொண்டுவிட்டன. பெண் தொழிலாளியைக் கண்டுகொள்வதில்தான் தயக்கம். ஒருமுறை தரப்படும் தொகை வேறு, ஆண்டு முழுதும் செய்யும் வேலைக்கு உரிய கூலி வேறு.

போர்வை தைப்போரும் பழங்குடிப் பட்டியலும்

இந்தக் கதை பிகாருடன் முடிவதல்ல. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு வட்டங்களின் காட்டோரக் கிராமங்களில் சித்தி இன மக்கள் வாழ்கின்றனர். நூற்றாண்டுகளுக்கு முன் அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கடல்வழியே கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். இந்து, இஸ்லாம், கிறித்தவம் என மூன்று சமயங்களைச் சேர்ந்தோரும் அவர்களிடையே உண்டு. மூன்று சமயத்துப் பெண்களும் தைப்பது 'கவந்தி' எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை.

கவந்தியை ஒரு மூலையிலிருந்து தொடங்கி ஓரமாகவே தைத்துக்கொண்டு போவார்கள். சுற்றி வந்ததும் உள்வட்டம். அப்படியே சுருள் சுருளாக நடுப்பகுதியை அடைவார்கள். நான்கு மூலைகளிலும் துணியை மடித்து 'பூலா' என்னும் பூக்களை வைப்பார்கள். பூ வைக்காத கவந்தி ஆடையில்லாத உடல் போன்றது என்பது அவர்கள் கருத்து. அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவலின் ஊக்கத்துடன் 2004-இல் சித்திப் பெண்களின் போர்வை தைப்போர் கூட்டுறவு உருவாயிற்று. நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் 2011-இல் அவர்களது போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

கூட்டுறவு அமைவதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 2003 ஜனவரியில், நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின் மூலம் உத்தர கன்னடச் சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். மாவட்ட எல்லைக்கு அப்பால், பெலகாவியிலும் தார்வாடிலும் இருந்த அவர்களின் உறவினர்களுக்கு அந்த உரிமை கிடைக்க மேலும் 17 ஆண்டுகள் ஆயின. 2020-இல் மற்றொரு திருத்தம் தேவைப்பட்டது. அதே 2020-இல் சாந்தாராம் சித்தி கர்நாடக சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அவையில் அந்த இனத்திலிருந்து ஒலித்த முதல் குரல் அவருடையது.

பட்டியலில் இடம், அவையில் குரல், கையில் வருமானம் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் ஒரு சமூகம் நிமிர்கிறது. இவற்றில் மூன்றாவதைப் பெண்கள் தாங்களே தைத்துக்கொண்டார்கள்.

அலபாமா தரும் பாடம்

போர்வையும் வாக்குரிமையும் நேருக்கு நேர் சந்தித்த இடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள வில்காக்ஸ் வட்டாரம். அங்கு ஜீஸ் பெண்ட் என்ற ஆற்று வளைவுக் கிராமத்தில் 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். வாக்காளராகப் பதிவு செய்யச் சென்ற கறுப்பினக் குடும்பங்கள் பல, நில உரிமையாளர்களின் கோபத்துக்கு ஆளாகிக் குடியிருந்த வீட்டையும் உழுத நிலத்தையும் இழந்தன.

1966-இல் அந்தப் பகுதிப் பெண்கள் 'ஃபிரீடம் குயில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவை அமைத்தனர். விடுதலைக்காகப் போர்வை தைக்கும் கூட்டம் என்று அதைச் சொல்லலாம். பெரும் வணிக நிறுவனங்களிடமிருந்து அவர்களுக்கு ஒப்பந்தங்கள் கிடைத்தன. சேர்ந்த பணத்தில் 23 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதில் ஒரு பகுதியை, வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் வீடு கட்டிக்கொள்ளப் பிரித்து விற்றார்கள். அந்த நிலத்தில் யாரும் அவர்களை மீண்டும் வெளியேற்ற முடியாது.

ஜீஸ் பெண்ட் போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கும் சென்றன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. ஆனால், அந்தக் கூட்டுறவு 2012-இல் கதவை மூடியது. போர்வை புகழடைந்த பிறகும் அதைத் தைத்த சங்கம் நிலைக்கவில்லை. பத்மஸ்ரீயால் மகிழ்ந்திருக்கும் பூசுராவுக்கு இது ஒரு எச்சரிக்கை.

சென்னையில் இருக்கும் பதிவேடு

நமது நாட்டில் சட்டப் பாதுகாப்பு எப்படி இருக்கிறது? சுஜனி 2006-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008-இல் கிடைத்தது. நாட்டின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இயங்குகிறது. பூசுராவின் தையலுக்கு உரிமை ஆவணம் எழுதப்பட்டது தமிழ்நாட்டில் என்பது சுவையான செய்தி.

ஆனால், 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெயரைப் பதிவு செய்வது ஒன்று. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் தனித்தனி உற்பத்தியாளர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிவு பெறுவது வேறொன்று. பெயர் பட்டியலில் ஏறிய பிறகும் ஊசி பிடிக்கும் பெண் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். போலியாகப் பெயரைப் பயன்படுத்துவோருக்குச் சிறைத்தண்டனை வரை வழியிருந்தாலும், இயந்திரத் தையலைச் 'சுஜனி' என்று விற்கும் பெருநகரக் கடையின் மீது கிராமத்துப் பெண் வழக்குத் தொடுப்பாள் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

பாரம்பரியக் கைவினைஞர்களுக்காக 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்துக்கு 13,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 15,000 ரூபாய்க்குக் கருவிகள், 5 சதவீத வட்டியில் 3 லட்சம் ரூபாய் வரை கடன் என அதன் சலுகைகள் பயனுள்ளவை. தச்சர், கொல்லர், குயவர், தையற்காரர் என 18 தொழில்கள் அதில் உண்டு. கைத்தையல் பூவேலையோ, போர்வை தைத்தலோ தனித் தொழிலாக இல்லை. பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பாலானவை வழிவழியாக ஆண்களின் தொழிலாக அறியப்பட்டவை.

இத்தகைய விடுபடல்களைச் சுட்டிக்காட்ட முன்பு ஒரு மன்றம் இருந்தது. 1952-இல் கமலாதேவி சட்டோபாத்யாயாவைத் தலைவராகக் கொண்டு அமைந்த அகில இந்தியக் கைவினைப் பொருள்கள் வாரியம் 2020 ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. குறைந்த அரசு, நிறைந்த நிர்வாகம் என்ற கொள்கைக்கு ஏற்ப எடுக்கப்பட்ட முடிவு என்று விளக்கம் தரப்பட்டது. வாரியம் ஆலோசனை சொல்லும் அமைப்புதான். அதிகாரம் பெரிதாக இல்லை. ஆயினும், கைவினைஞர்களின் பிரதிநிதிகள் ஜவுளித் துறை அதிகாரிகளின் எதிரில் அமர்ந்து பேசுவதற்கு அது ஒரு நாற்காலியாவது தந்தது.

வரியில் மறைந்திருக்கும் கணக்கு

வரி விவகாரத்தில் அரசின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். அதே ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் கைவினைப் பொருள்கள் பலவற்றுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரஜாய்க்கான விலை வரம்பும் 1,000 ரூபாயிலிருந்து 2,500-ஆக உயர்ந்தது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு விற்பனையாளர், பொதுவாகப் பிகாரில் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. எனவே, பூசுரா பெண் நேரடியாக வரி கட்டுவதில்லை.

ஆனால், அவளது போர்வை பூசுராவில் விலை போவதில்லை. தில்லியிலும் மும்பையிலும் சென்னையிலும் உள்ள கடைகள் மூலமே அது வாடிக்கையாளரை அடைகிறது. 2,500 ரூபாய் என்ற கோட்டைத் தாண்டினால் வரி 5-லிருந்து ஒரே தாவலாக 18 சதவீதம் ஆகும்போது, கோட்டுக்குக் கீழே விலையை நிறுத்தவே வணிகர் முயல்வார். துணியின் விலையையும் நூலின் விலையையும் கடை வாடகையையும் குறைக்க இயலாது. குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தைத்தவளின் கூலி. ஆடம்பரப் பொருளுக்குப் போடப்பட்ட வரி, கடைசியில் ஆடம்பரம் அறியாத கையின் மீது இறங்கும் விதம் இது.

விலையைக் கொண்டு பொருளை வகைப்படுத்தும் முறைக்குப் பதிலாக, கையால் தைத்ததா, இயந்திரத்தால் தைத்ததா என்று வகைப்படுத்துவதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேறுபாடு காட்ட 1985-இலேயே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. கைத்தறி நெசவாளரின் குரலாக நீண்டகாலம் ஒலித்துவரும் தமிழக உறுப்பினர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல.

வீடே தொழிற்கூடம்

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, வீட்டில் செய்யும் வேலை வேலைதானா என்ற கேள்வி. வீட்டிலிருந்து உழைப்போருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆம் உடன்படிக்கை 1996-இல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 'வீடுசார் தொழிலாளர்' என்ற பிரிவை வரையறுக்கிறது. வரையறை இருப்பது நல்ல தொடக்கம். எனினும், அது வேலையளிப்பவர் ஒருவருக்காக வீட்டில் உற்பத்தி செய்பவரைக் குறிக்கிறது. தாங்களே அமைத்த குழுவுக்காகத் தைக்கும் பெண்ணுக்கு வேலையளிப்பவர் யார்? குழுவா, நகரத்துக் கடையா, ஏற்றுமதியாளரா? பொறுப்பு யாருடையது என்று தெளிவாகாத வரை கூலிக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவாதம் இராது.

மத்தியப் புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர்; ஆண்கள் 88 நிமிடங்கள். அடுப்பும் குழந்தையும் மாடும் போக எஞ்சிய நேரத்தில்தான் ஊசியைக் கையில் எடுக்கிறாள் பூசுரா பெண். எஞ்சிய நேரம் என்பதாலேயே அதைப் பொழுதுபோக்காகக் கருதும் மனப்பான்மை சந்தைக்கும் இருக்கிறது, சட்டத்துக்கும் இருக்கிறது.

இதற்கு மாற்று வழி இருக்கிறது என்பதைத் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு அமைந்த நல வாரியங்களில் தையல் தொழிலாளர் நல வாரியமும் ஒன்று. வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரத்தை வைத்திருக்கும் பெண்ணும் அதில் உறுப்பினராகலாம். வாரியங்களின் செயல்பாட்டில் குறைகள் உண்டு. ஆனால், தைப்பவர் தொழிலாளி என்பதை அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது.

அவையில் எழ வேண்டிய கேள்விகள்

பழைய துணி தைக்கும் பெண்களுக்காக நாடாளுமன்றத்தின் நேரத்தைச் செலவிட வேண்டுமா என்று கேட்போர் இருக்கலாம். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வழங்கும் 106-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை 2023 செப்டம்பரில் ஏறத்தாழ ஒருமித்து நிறைவேற்றிய அவைகள் இவை. அந்த இடங்கள் நடைமுறைக்கு வரும் நாளுக்காக, அவற்றில் பேசப்பட வேண்டியவை காத்திருக்க வேண்டியதில்லை.

கேட்பதற்குக் கடினமான கேள்விகள் அல்ல இவை. புவிசார் குறியீடு பெற்ற தையல் கலைகளில் எத்தனை பெண்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகப் பதிவாகியுள்ளனர்? விஸ்வகர்மா பட்டியலின் 18 தொழில்களுடன் கைத்தையலை ஏன் சேர்க்கக் கூடாது? கையால் தைத்த ரஜாய்க்கு விலை வரம்பின்றி 5 சதவீத வரி விதிக்க முடியுமா? குழுவாகத் தைப்பவர்களுக்கு வேலையளிப்பவர் யார் என்று விதிகளில் தெளிவுபடுத்தப்படுமா?

நான்கையும் ஜவுளி, வர்த்தகம், சிறுதொழில், நிதி, தொழிலாளர் அமைச்சகங்களிடம் கேட்கலாம். எழுத்துபூர்வமான பதில் கிடைத்தாலே போதும். துணியில் 1988 முதல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு, காகிதத்தில் ஒரு பதில் வருவது அதிகமான எதிர்பார்ப்பல்ல.